கடலுக்குப் போனவரின் கணக்கு

குமரி மாவட்டத்தில் தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே, நீரோடி வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்களில் ஒக்கிப் புயலைப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு ஒரு எண் வராது. இரண்டு எண் வரும். உடல் வந்தது இத்தனை, வராதது இத்தனை. சொல்கிறவர் இரண்டையும் கூட்டிச் சொல்ல மாட்டார். நாமாகக் கூட்டிக்கொண்டால் அவருக்குப் பிடிக்கவும் செய்யாது.

இந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கும் வீடுகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அந்த வீடுகளில் நடப்பதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது: 'ஆம்பிகுவஸ் லாஸ்'. ஆள் போய்விட்டாரா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத இழப்பு. பெயரை வைத்தவர் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. குடும்பங்களோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1970-களில் அவர் யோசித்து வைத்த பெயர் தூத்தூர்க் கரைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டந்துறை, நீரோடி. எட்டு ஊர்கள், ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கும். வெளியாட்களுக்கு எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. குருசடியும் (சிலுவை நிற்கும் சிற்றாலயம்) கோயிலும்தான் எல்லை. இந்த ஊர் ஆண்கள் ஆழ்கடல் ஆட்கள். சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் இந்தியாவிலேயே பேர் பெற்றவர்கள். போட்டு (படகு) ஏறுவது பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியில் இருந்து. போனால் வாரக்கணக்கில் தங்கல். கரையில் இருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டால் செல்போனும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கணவர் ஒரு மாதமாகப் பேசவில்லை என்றால் அதில் பயப்பட ஒன்றும் இல்லாத வீடுகள் இவை. அவர் இல்லாமல் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது, பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் பெண்களுக்குப் பழகிப் போனது. இல்லாமல் இருப்பதுதான் இங்கே சாதாரணம்.

2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்குப் பக்கத்தில் உருவான தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலாகி, 30-ஆம் தேதி குமரிக் கடலைக் கடந்தது. ரப்பரும் வாழையும் விழுந்தது, கரண்ட் கம்பங்கள் சாய்ந்தது எல்லாம் மாவட்டம் முழுக்கத் தெரிந்த கதை. தங்கலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை என்ற ஒன்று போய்ச் சேரவே இல்லை. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். வெளியூரில் பலரும் அதை நிவாரணம் கேட்ட போராட்டம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் கேட்டது, கடலில் கிடக்கிறவர்களைத் தேடுங்கள் என்பதுதான்.

தேடச் சொன்னதில் நியாயம் இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் லட்சத்தீவில் இத்தனை போட்டு கரை ஏறியிருக்கிறது, மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் பக்கம் இத்தனை போட்டு ஒதுங்கியிருக்கிறது என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. செத்தே போனார்கள் என்று அழுத வீட்டுக்கெல்லாம் போன் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த ஒருத்தி, தன் வீட்டுக்காரரும் வருவார் என்று நம்பினால் அதைப் பைத்தியம் என்று யாரும் சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்குத்தான் பாலின் பாஸ் பதில் சொல்ல முயன்றார்.

அவர் தொடங்கியது கடலோ போரோ சம்பந்தப்படாத ஒரு இடத்தில். விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவியாக, ஆலோசனைக்கு வந்த குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாக்கள் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் குடும்பத்துக்குள் இல்லை என்பதைக் கவனித்தார். உடம்பு நாற்காலியில், மனம் வேறெங்கோ. சரி, இதற்கு நேர்மாறான நிலை உண்டா என்று தேடியபோது வியட்நாம் போர் எதிரில் நின்றது. சுட்டு வீழ்த்தப்பட்டு, பிணமும் கிடைக்காமல், சிறையில் இருக்கிறார் என்ற தகவலும் வராமல், 'காணவில்லை' என்று மட்டும் ராணுவம் கடிதம் கொடுத்த விமானிகளின் மனைவிமாரை அவர் சந்தித்தார். அங்கே மனம் வீட்டில், உடம்பு எங்கே என்று தெரியாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். 1999-ல் இதைப் பற்றி அவர் எழுதிய நூல் வந்த பிறகு பேராசிரியர்கள் அல்லாதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியவந்தது.

அவருடைய சொந்தக் கதையும் இதற்குள் உண்டு. விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் என்ற சுவிஸ்காரர்கள் குடியேறிய ஊர் அவருடையது. அப்பா சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தவர். விட்டு வந்த ஊரையும் தாயையும் நினைத்து ஏங்கியபடியே வாழ்ந்த மனிதர். எதிரில் இருக்கிற ஆள் பாதி வேறு எங்கோ இருப்பது என்றால் என்ன என்பதைச் சின்ன வயதில் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க்கில் ஒரு தொழிற்சங்கம் அவரை அழைத்தது. கோபுரங்களில் துடைக்கவும் பெருக்கவும் காவல் காக்கவும் இருந்த தொழிலாளிகளின் சங்கம். அங்கே இறந்த சுமார் 2,750 பேரில் கிட்டத்தட்ட 40 சதவிகிதம் பேரின் எச்சம் என்று எதையும் இன்றுவரை அடையாளம் காண முடியவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷையும் சீப்பையும் டிஎன்ஏ சோதனைக்காகக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த அக்டோபரில் நடந்த நினைவு நாளில் இடிபாட்டு மண்ணைச் சின்னச் சின்னக் கலசங்களில் போட்டுக் குடும்பங்களுக்குக் கொடுத்தது நகர நிர்வாகம். பணக்கார நாட்டிலும் கடைசியில் ஒரு பிடி மண் தேவைப்பட்டது.

இனி, சாதாரணத் துக்கத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு வருகிறேன். சிக்மண்ட் ஃபிராய்டு 1917-ல் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு இடம் உண்டு. நேசித்த ஆள் இனி இல்லை என்று நிஜம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது, அதைப் பார்த்துப் பார்த்து மனம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆளிடமிருந்து தன்னை விலக்கிக்கொள்கிறது, துக்கம் செய்யும் வேலை அது என்கிறார். இதற்கு முன்நிபந்தனை, நிஜம் எதையாவது காட்ட வேண்டும். உடல், பெட்டி, குழி, மூடிய மண். தூத்தூர்க் கரையில் நிஜம் காட்டியது தினமும் அதே கடலைத்தான். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சொன்ன ஐந்து கட்டங்கள் வாட்ஸ்அப்பில் துக்கத்துக்கான டைம்டேபிள் மாதிரி சுற்றுகின்றன. சாகப் போகிற நோயாளிகளிடம் பேசி அவர் எழுதியது அது. யார் செத்தது என்றே தெரியாத வீட்டில் அதை நீட்டினால் வேலைக்காகாது.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள ஃபிராய்டு கூட வேண்டாம், துட்டி கேட்கப் போவதை நினைத்தால் போதும். ஒரு வீட்டில் சாவு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியும். போக வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஏழாம் நாள் பூசை, நாற்பத்தொன்று, அடியந்திரம். இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த வீட்டை இழுத்து மறுபடி ஊருக்குள் விடும். ஆள் காணாத வீட்டுக்கு எப்படித் துட்டி கேட்பது? போனால், 'செத்துட்டாவன்னு சொல்ல வந்தியா' என்று ஒரு பார்வை வரும். போகாவிட்டால், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற பேச்சு வரும். இரண்டுக்கும் பயந்து ஜனங்கள் மெதுவாக வேறு வழியாகப் போகத் தொடங்குவார்கள். பாஸ் இதைத் தன் பாணியில் எழுதியிருக்கிறார்: இந்த இழப்புக்குச் சடங்கு இல்லை, சடங்கு இல்லாததால் சாட்சிகளும் இல்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒரு பிளவு விழும். மாமியார் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக் காத்திருப்பார். கொழுந்தன், 'மைனி, இனி உள்ளதைப் பாப்போம்' என்பான். அப்படிச் சொன்னதற்காகவே அம்மா அவனோடு பேச்சை நிறுத்துவார். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் அப்பாவின் இடத்தில் உட்காருவதா வேண்டாமா என்று தெரியாமல் முழிப்பான். உட்கார்ந்தால், அப்பா வந்தால் எங்கே உட்காருவார்? நம்பினால் ஏமாளி என்கிறது ஒரு குரல், நம்பாவிட்டால் துரோகி என்கிறது இன்னொன்று. வியட்நாம் குடும்பங்களிலும் பாஸ் இதையே பார்த்தார். வராத கணவரையே குடும்பத் தலைவராக வைத்துக்கொண்டு எல்லா முடிவையும் அவருக்காகத் தள்ளிப் போட்ட வீடுகள் அதிகம் தடுமாறின.

அந்தப் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் வேலை பார்த்தேன். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை, எந்த வங்கியாக இருந்தாலும் விதி அதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு அக்கா வந்தார். ஆளை அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கையில் நகைக்கடன் கார்டு. அவருடைய வளையல்தான், மகளின் ஒரு ஜோடிக் கம்மலும் உண்டு. போட்டுக்கு வலை, ஐஸ், டீசல் என்று பங்கு போடுவதற்காகக் கணவர் பெயரில் வைத்திருந்தது. முதலும் வட்டியும் சேர்த்துத் துணிப்பையில் கொண்டு வந்திருந்தார். பணம் முழுசாக இருக்கிறது, நகை அவருடையது, ஆனால் கொடுக்க முடியாது. கடன் வாங்கியவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும்.

"இறப்புச் சான்றிதழ் வாங்கியாச்சா அக்கா?" என்று பக்கத்து சீட்டில் இருந்தவர் கேட்டார்.

"அது என்னத்துக்கு சாரே? அவிய வந்து கையெழுத்துப் போடுவாவ."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் பத்தரைக்கு வரும் என்பது போலச் சொன்னார். வட்டியை மட்டும் கட்டிவிட்டுப் போய்விட்டார். வட்டியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், அதற்குக் கையெழுத்து வேண்டாம். தவணை முடிந்ததும் விதிப்படி ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. மறுபடி வந்தார், கையில் அந்தக் கவர். "அவிய பேருக்கு லெட்டர் வந்திருக்கு சாரே." நகை ஏலம் போகப் போகிறது என்ற பதற்றம் முகத்தில் இருந்தது. கூடவே, அவர் பெயருக்கு ஒரு தபால் வந்ததில் கொஞ்சம் பெருமை போல ஏதோ ஒன்றும் இருந்தது. எங்கள் கணினியில் அவர் கணவர் உயிரோடு இருந்தார். கேஒய்சி சரியாக இருந்தது. பிறந்த நாளுக்கு வாழ்த்து எஸ்எம்எஸ் கூடத் தானாகவே போயிருக்கும்.

பக்கத்து சீட்டுக்காரர் அவர் போன பிறகு தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினார். இந்தச் சைகைக்கு எதிராகத்தான் பாஸ் வைத்த பெயர் நிற்கிறது. அவர் சொல்வதன் சாரம்: கோளாறு அந்தப் பெண்ணின் தலைக்குள் இல்லை, அவள் மாட்டிக்கொண்ட நிலைமையில் இருக்கிறது. முடிவில்லாத நிலைமைக்கு முடிவெடுக்காத மனம் என்பது இயல்பான பதில். மனநோய்களுக்கு அமெரிக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் ஆம்பிகுவஸ் லாஸ் ஒரு நோயாக இல்லை, அவரும் அதை நோயாகச் சொல்லவில்லை. அதே பட்டியலில் 2022-ல் 'நீண்ட துக்கக் கோளாறு' என்ற ஒன்றைச் சேர்த்தார்கள். நெருங்கிய ஒருவர் இறந்து ஓராண்டுக்குப் பிறகும் துக்கம் ஆளை முடக்கினால் அந்தப் பெயர். ஆனால் இறந்தார் என்பதே முதல் நிபந்தனை. அந்த அக்காவுக்கு அதற்குள்ளும் இடமில்லை. வங்கி படிவத்தில் இடமில்லாதது போலவே.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நிலைமைதான் காரணம் என்பதால் மாத்திரையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கிணற்றைப் பார்த்தால் வேறு யோசனை வருகிறது என்றால் அது மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் உண்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். தப்பு எங்கே நடக்கிறது என்றால், காத்திருப்பதையே நோயாக்கி, 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு சத்து டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பும் இடத்தில்.

நம் பழைய ஆட்கள் ஐந்திணை பிரித்தபோது, காத்திருப்பதை முல்லைக்குக் கொடுத்தார்கள், இரங்குவதை நெய்தலுக்குக் கொடுத்தார்கள். முல்லையில் கார்காலம் வந்தால் தலைவன் தேர் வரும் என்ற உறுதி உண்டு, அதனால் 'இருத்தல்'. நெய்தலில் கடலும் பொழுது சாயும் நேரமும் மட்டும் உண்டு, அதனால் 'இரங்கல்'. காதலுக்காகச் செய்த பிரிவு அது, நான் அதைச் சாவுக்கு இழுப்பது இலக்கணக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் எனக்கு இது உதவியது. உடல் வராத வீட்டுக்காரிக்கு நிலம் நெய்தல், மனம் முல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு திணை இல்லாத இடத்தில் அவள் நிற்கிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒக்கி நேரத்தில் நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 111-ஆம் பிரிவு), ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதற்கு முன்னால் இந்து தர்ம நூல்களின்படி பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து எரித்துக் கருமம் செய்வது வழக்கம். ஏழோ பன்னிரண்டோ, மனிதர்கள் எங்கேயும் ஒரு கோடு போட்டுத்தான் இருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் இன்னும் கறார். காலம் ஓடிவிட்டது என்பது மட்டும் போதாது, சாட்சிகளையும் சூழ்நிலையையும் விசாரித்து இறந்திருப்பார் என்ற உறுதி வந்த பிறகே ஆயர் அப்படி அறிவிக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707-ஆம் எண் சட்டம். எட்டு ஊரும் கத்தோலிக்க ஊர் என்பதால் மறுமணம் என்ற பேச்சு எழுந்தால் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஒக்கியில் அரசு ஏழு ஆண்டு காத்திருக்க வைக்கவில்லை. காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அந்த வேகத்தைக் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் அரிசி வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை வாங்க ஒரு இடத்தில் ஒரு பெண் கையெழுத்துப் போட்டாக வேண்டும், 'இவர் இறந்துவிட்டதாகக் கருதி'. அன்று வரை கடல் சொல்லாததை அவள் சொல்ல வேண்டும். அப்புறம் ஊரில், 'காசுக்காக ஆளைக் கொன்னுட்டா' என்று ஒரு வாய் பேசத்தான் செய்யும். எந்த ஊரில்தான் அந்த வாய் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு அது பெரிதாகப் பட்டது. நம் மாவட்டத்தில் ஒருவர் இறந்தால் ஃப்ளெக்ஸ் அடிப்போம், சுவரில் படம் மாட்டுவோம். கீழே 'தோற்றம்' ஒரு தேதி, 'மறைவு' ஒரு தேதி. உடல் வராதவருக்கு மறைவுத் தேதி என்ன? சில வீடுகளில் 30.11.2017 என்று போட்டிருந்தார்கள். புயல் வந்த நாள், செத்த நாள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு வீட்டில் தோற்றம் மட்டும் இருந்தது, மறைவு என்ற எழுத்தும் அச்சாகி, பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. இன்னொரு வீட்டில் படத்துக்கு மாலை இல்லை, ஆனால் படத்துக்குக் கீழே சின்ன எல்இடி பல்பு எரிந்தது. மாலை போட்டால் செத்தவர், பல்பு என்றால் மாதாவுக்கு எரிவதுபோல, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் 'அநேகமாக இறந்திருப்பார், ஒருவேளை வரலாம்' என்று இரண்டையும் வைத்துக்கொள்ளப் பழகுவதுதான் இந்த இழப்போடு வாழும் வழி என்று பாஸ் எழுதுகிறார். படித்தபோது எனக்கு அந்த பல்புதான் ஓர்மை வந்தது.

பாஸ் வைத்த பெயரின் இரண்டாம் பாதியைப் பற்றி, அதாவது உடம்பு இருக்கிறது, ஆள் இல்லை என்ற வகை பற்றி, சொல்ல என்னிடம் குறைவாகத்தான் உண்டு. தக்கலைப் பக்கம் என் மாமா ஒருவர் ஓர்மை கெட்டுப் படுத்திருந்தார். அல்சைமர். மாமியை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு, "சிஸ்டர், எங்க வீட்டுல இருந்து ஆள் யாரும் வந்தாவளா?" என்று கேட்பார். "இப்ப வருவாவ, நீங்க கஞ்சியக் குடிங்க" என்பார் மாமி. தான் வருவதற்காகக் காத்திருக்கும் கணவருக்குத் தானே கஞ்சி ஊட்டுவது. சொந்தக்காரர்கள் வந்து, 'அதான் ஆளு கண்ணு முன்னால இருக்காரே, உனக்கென்ன குறை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்கும் துட்டி கேட்க வழியில்லை. இரண்டு வகையையும் ஒரே பெயருக்குள் பாஸ் ஏன் வைத்தார் என்று மாமி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் புரியும்.

ஆனால் அதற்கு மேலும் பெயரை நீட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விவாகரத்து, வெளிநாட்டுக்குப் போனது, பிள்ளைகள் படிக்கப் போனது எல்லாவற்றையும் இதற்குள் போடுகிறார்கள், பாஸும் கொஞ்சம் போடத்தான் செய்கிறார். குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு கிடையாது. தினமும் ராத்திரி வீடியோ காலில் பிள்ளையின் ஹோம்வொர்க் பார்க்கிற அப்பாவைப் பிரிந்திருப்பது கஷ்டம்தான். கஷ்டத்துக்கு எல்லாம் ஒரே பெயர் என்றால், வள்ளவிளைக்காரிக்கு மிஞ்சுவது என்ன? அதே வளைகுடாவில் கம்பெனி போட்டில் மீன் பிடிக்கப் போய், போன் நின்று, முதலாளி கையை விரித்து, தூதரகம் கடிதம் மட்டும் அனுப்பும் குடும்பம் என்றால் அது வேறு, அதற்கு இந்தப் பெயர் தாராளமாகப் பொருந்தும்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு இதில் உபயோகமான சில விஷயங்கள் உண்டு. 'மனசைத் தேத்திக்கோ', 'முடிஞ்சது முடிஞ்சு போச்சு' என்பதெல்லாம் வேண்டாம். முடிந்துவிட்டது என்று முடிவு கட்டுவதை பாஸ் 2021-ல் எழுதிய நூலில் ஒரு கட்டுக்கதை என்றே சொல்கிறார், உடல் கிடைத்த துக்கத்துக்குக் கூட. அந்த வீட்டுப் பெண் கணவரைப் பற்றி 'சொல்லுவாவ' என்று பேசினால் நாமும் 'சொல்லுவார்' என்றே பேசலாம், அவள் 'சொன்னாவ' என்று மாறும் நாளில் நாமும் மாறிக்கொள்ளலாம். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2, எல்லோரும் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கும்போது குழி இல்லாதவர்கள் நடுக் குருசடியில் மெழுகுதிரி வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம். தனித்தனியாக மருத்துவர் அறையில் உட்கார வைப்பதை விட, ஒரே நிலைமையில் இருக்கும் குடும்பங்களை ஒன்றாக உட்கார வைப்பது பலன் தரும் என்பது நியூயார்க்கில் பாஸ் கண்டது. நம் கடற்கரையில் அதற்குப் புதிதாகக் கட்டடம் ஒன்றும் கட்ட வேண்டாம். கோயிலின் சிறு குழுக்களான அன்பியக் கூட்டம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது. வட்டமாக உட்கார அந்த ஊருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆனால் கோளாறு நிலைமையில் இருக்கிறது என்றால், வைத்தியமும் கொஞ்சம் நிலைமைக்குச் செய்ய வேண்டும். படிவங்களுக்குச் செய்ய வேண்டும். இலங்கையில் 2016-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்காமல், 'இவர் காணாமல் போயிருக்கிறார்' என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழ். அதை வைத்து வங்கிக் கணக்கைப் பார்க்கலாம், சொத்தைக் கவனிக்கலாம், பிள்ளைகளுக்குப் பொறுப்பெடுக்கலாம், உதவித் தொகை வாங்கலாம். செத்துவிட்டார் என்று யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அர்ஜென்டினாவில் 1990-களிலேயே இதுபோல ஒரு ஏற்பாடு செய்தார்கள். இலங்கையில் பல தமிழ்த் தாய்மார் அந்தச் சான்றிதழையும் வேண்டாம் என்றார்கள் என்பதும் உண்மை. 2017-ல் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் அவர்கள் கேட்பது தாளை இல்லை, ராணுவத்திடம் கையில் கொடுத்த பிள்ளை எங்கே என்பதை. அங்கே பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். இங்கே கடலிடம் யார் கேட்பது?

கடலுக்குத்தான் அந்தத் தாள் ரொம்பப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் சட்டத்தில் அது இல்லை. அந்த அக்கா கடைசியில் வாரிசுச் சான்றிதழ் கொண்டு வந்து நகையை மீட்டுக்கொண்டார். படிவத்தில் 'கடன்தாரர் இறந்த தேதி' என்ற கட்டத்தை அவர் நிரப்பவில்லை. கூட வந்த கொழுந்தன்தான் பேனாவை வாங்கி எழுதினான். கம்மலை எடுத்து அங்கேயே மகள் காதில் போட்டுவிட்டு, கார்டில் கணவர் பெயர் எழுதிய பக்கத்தைக் கிழித்துத் தரக் கேட்டார். கார்டு வங்கியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம்.